குறைந்த செலவில் குறும்படம் எடுத்தல்

குறும்படம் என்பது முழுநீளத் திரைப்படத்தைவிட மிகக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும் படமாகும். எத்தனை நிமிடம் வரை குறும்படம் என்பதற்கு எங்கும் செல்லுபடியாகும் ஒரே அளவு இல்லை. பெயர்ப் பட்டியலையும் சேர்த்து 40 நிமிடங்களுக்குள் முடிவதைக் குறும்படமாக ஆஸ்கர் விருது விதிகள் ஏற்கின்றன. தமிழில் இணையத்தில் வெளியாகும் குறும்படங்கள் பெரும்பாலும் 5 முதல் 20 நிமிடங்களுக்குள் அமைகின்றன. இவற்றுள் பல, தயாரிப்பு நிறுவனத்தின் முதலீடு ஏதும் இல்லாமல், எடுப்பவரின் சேமிப்பையும் நண்பர்களின் உழைப்பையும் கொண்டே முடிக்கப்படுபவை. இவற்றைச் சுயாதீனக் குறும்படங்கள் என்பர்.

கேமரா மலிவாகிவிட்டதால் படம் எடுப்பதும் மலிவாகிவிட்டது என்ற எண்ணம் மாணவர்களிடையே பரவலாக உள்ளது. உண்மையில் மலிவானது படம்பிடிக்கும் கருவி மட்டுமே. ஒலி, ஆட்களின் நேரம், சாப்பாடு, இசை உரிமை ஆகியவற்றின் செலவு பழையபடியே இருக்கிறது. பாதியில் நின்றுபோகும் குறும்படங்கள் பெரும்பாலும் இந்த நான்கில் ஏதேனும் ஒன்றில்தான் நிற்கின்றன.

பின்னணி

படச்சுருள் காலத்தில் குறும்படம் எடுப்பது திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கும் வசதி உள்ளவர்களுக்கும் மட்டுமே இயன்றது. 16 மி.மீ. படச்சுருள் 400 அடி ஓடினால் ஏறக்குறைய 11 நிமிடம் கிடைக்கும். ஒவ்வொரு ஷாட்டையும் நான்கு முறை எடுத்தால், பத்து நிமிடப் படத்திற்கு 40 நிமிடச் சுருள் தேவை. சுருளின் விலைக்கு மேல் அதைக் கழுவவும் பிரதி எடுக்கவும் தனிச் செலவு உண்டு. நடிகர் வசனம் தடுமாறினால் பணம் போயிற்று.

பின்னர் சிறு வீடியோ நாடாக்கள் வந்தன. பெரிய மாற்றம் 2008இல் அறிமுகமான கேனான் 5டி மார்க் 2 கேமராவால் நேர்ந்தது. புகைப்படம் எடுப்பதற்காக வந்த அந்தக் கேமரா முழு எச்டி காணொளியையும் பதிவு செய்தது. அதன் பெரிய சென்சாரால் பின்னணி மங்கலாகி முகம் மட்டும் துல்லியமாகத் தெரியும் 'சினிமாத் தோற்றம்' கிடைத்தது. திருமணப் புகைப்படக்காரர்கள் இத்தகைய கேமராக்களை வாங்கியதால் அவை வாடகைக்கும் கிடைக்கத் தொடங்கின. முகூர்த்தம் இல்லாத நாட்களில் வாடகை குறைவு என்பதும் ஒரு வசதி. ஆடியும் மார்கழியும் இந்த வகையில் குறும்படக்காரர்களுக்கு உகந்த மாதங்கள்.

இதே காலத்தில் கலைஞர் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி குறும்படத்திற்குப் பெரும் கவனத்தைப் பெற்றுத் தந்தது. அதில் பங்கேற்ற கார்த்திக் சுப்பராஜ் 2012இல் 'பீட்சா'வையும், நலன் குமாரசாமி 2013இல் 'சூது கவ்வும்' படத்தையும் இயக்கினர். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' முதலில் குறும்படமாக எடுக்கப்பட்டு, 2012இல் முழுநீளப் படமானது. 'நேரம்' (2013), 'முண்டாசுப்பட்டி' (2014) ஆகியவையும் குறும்படத்திலிருந்து வளர்ந்தவையே.

இந்த வெற்றிகளால் ஒரு மயக்கமும் ஏற்பட்டது. குறும்படம் என்றாலே தயாரிப்பாளரிடம் காட்டும் அறிமுகச் சீட்டு என்று பலர் கருதலாயினர். பத்து நிமிடத்திற்குள் சண்டை, துரத்தல், திருப்பம், பாட்டு என எல்லாத் திறமையையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் அதில் பிறந்தது. ஒரு வீட்டின் சமையலறையில் இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கொண்டே நல்ல குறும்படம் எடுக்க முடியும். கையில் காசில்லாதவர் துரத்தல் காட்சியில் இறங்கினால், துரத்தலும் சரியாக வராது, கதைக்கும் நேரம் இருக்காது.

ஒலி

படம் சற்று மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்காவிட்டால் அடுத்த காணொளிக்குப் போய்விடுவார். ஆயினும் குறைந்த செலவுக் குழுக்கள் லென்சுக்கு வாடகை கொடுத்துவிட்டு மைக்கை மறந்துவிடுகின்றன.

இதன் இயற்பியல் எளிது. திறந்த வெளியில் ஒலி மூலத்திலிருந்து தொலைவு இரு மடங்கானால் ஒலி அளவு சுமார் 6 டெசிபெல் குறையும். நடிகரின் வாயிலிருந்து ஓரடி தூரத்தில் உள்ள மைக்கிற்கும், எட்டடி தள்ளிக் கேமராவின் மேல் உள்ள மைக்கிற்கும் இடையே தொலைவு மூன்று முறை இரட்டிக்கிறது. அதாவது சுமார் 18 டெசிபெல் இழப்பு. அறையின் இரைச்சலோ எதிரொலியோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே கேமரா மைக்கில் பதிவான வசனத்தைப் பின்னர் சத்தமாக்கினால், மின்விசிறியும் தெருவும் சேர்ந்தே சத்தமாகும். தொடக்ககால கேமராக்களில் ஒலி அளவைக் கருவியே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு வேறு இருந்தது. நடிகர் பேசாமல் நிற்கும் நொடியில் அது அளவைக் கூட்டிவிடும். உருக்கமான மௌனத்தில் 'உஸ்' என்ற இரைச்சல் எழும்.

செலவில்லாத தீர்வு, மைக்கை நடிகரின் அருகே கொண்டுபோவதுதான். விலை குறைந்த காலர் மைக் ஒன்றை இன்னொரு கைப்பேசியில் செருகி, அந்தக் கைப்பேசியை நடிகரின் சட்டைப் பைக்குள் வைத்தாலே பெருமளவு போதும். இப்படித் தனியாகப் பதிவான ஒலியைப் படத்தோடு இணைக்கவே கிளாப் பலகை பயன்படுகிறது. பலகை மூடும் படக்கட்டமும், ஒலி அலையில் கூர்மையாக எழும் முனையும் ஒன்றாக வைக்கப்பட்டால் உதடும் சொல்லும் பொருந்தும். பலகை இல்லாவிட்டால் கேமராவின் முன் ஒருமுறை கை தட்டினாலும் போதும். ஒலிப்பதிவை 48 கிலோஹெர்ட்சில் வைப்பதே காணொளிக்கு வழக்கம்.

கைப்பேசியில் படம் எடுப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கைப்பேசிகள் நொடிக்கு இத்தனை கட்டம் என்ற வேகத்தைச் சீராக வைத்திருப்பதில்லை, வெளிச்சத்திற்கேற்ப மாற்றிக்கொள்கின்றன. அதனால் ஷாட்டின் தொடக்கத்தில் பொருந்திய உதடு, முடிவில் விலகி நிற்கும். வேகத்தை நிலைப்படுத்தும் செயலியில் எடுத்தால் இது நேராது.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்னும் பல தொல்லைகள் உண்டு. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், காக்கை, தண்ணீர் லாரி, கோயில் ஒலிபெருக்கி, குளிர்சாதனப் பெட்டியின் முனகல் என எல்லாம் வசனத்தின் நடுவில் வரும். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிட்டு, கிளம்பும்போது மீண்டும் போட மறந்தால் வீட்டுக்காரரின் பாலும் மாவும் கெட்டுப்போகும். இதற்கு ஒலிப்பதிவாளர்கள் கையாளும் எளிய தந்திரம், வண்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துவிடுவது. சாவி எடுக்கப் போகிறவர் பெட்டியை இயக்க மறக்கமாட்டார். மின்விசிறியை நிறுத்துவது அதைவிடக் கடினம். சித்திரை வெயிலில் விசிறி இல்லாத அறையில் நடிகரின் நெற்றி வியர்க்கும். முந்தைய ஷாட்டில் உலர்ந்திருந்த முகம் அடுத்ததில் நனைந்திருக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடையே விசிறியைப் போட்டு, துடைத்து, மறுபடி நிறுத்துவதற்கு ஆகும் நேரத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

ஒவ்வோர் இடத்திலும் எவரும் பேசாமல் ஒரு நிமிடம் வெற்று ஒலியைப் பதிவு செய்துகொள்வது நல்லது. தொகுக்கும்போது இரு வசனங்களுக்கு இடையே ஒட்டுப்போட அது உதவும். இல்லையென்றால் வெட்டு விழும் ஒவ்வோர் இடத்திலும் ஒலி அறுந்து அறுந்து கேட்கும்.

டப்பிங் செய்துகொள்ளலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். தமிழ்த் திரையுலகில் டப்பிங் நெடுங்காலப் பழக்கம்தான். ஆனால் அங்கே பயிற்சி பெற்ற குரல் கலைஞர்களும், காலடி ஓசை முதல் பாத்திர ஓசை வரை தனியாக உருவாக்கும் கலைஞர்களும் இருக்கிறார்கள். புதிய நடிகர் ஒருவர், இரண்டு மாதம் கழித்து அதே உணர்ச்சியோடு தம் உதட்டுக்கே பேசுவது எளிதன்று. நெல்லை வழக்கில் பேசி நடித்தவருக்கு வேறொருவர் குரல் கொடுத்தால் பாத்திரமே மாறிவிடும். வேறு வழியின்றி வீட்டில் டப்பிங் செய்வோர், சுவரில் போர்வையும் ஜமக்காளமும் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கிக்கொள்ளலாம்.

வெளிச்சம்

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே குழல்விளக்கு, தரம் குறைந்த எல்இடி ஆகியவை நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த மினுக்கு, கேமராவின் ஷட்டர் வேகம் பொருந்தாவிட்டால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டரை 1/50 நொடியில் வைத்தால் தொல்லை பெரும்பாலும் தீரும்.

விளக்கு வாடகைக்குப் பணமில்லாதவர்கள் சூரியனையும் வெள்ளைப் பரப்பையும் நம்புகிறார்கள். தமிழ்ப் படப்பிடிப்புகளில் தெர்மகோல் அட்டை இன்றும் இதற்குப் பயன்படுகிறது. விளக்கை நேரடியாக முகத்தில் அடிக்காமல் துணியில் பட்டுத் திரும்பச் செய்யும் முறையை, சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா கையாண்டார். அரங்கிற்குள் அமைத்த காசி வீட்டு முற்றத்தின் மேல் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்கடித்து, வானத்து வெளிச்சம் இறங்குவது போலக் காட்டினார். ஒரு வேட்டியும் இரண்டு விளக்கும் இருந்தால் எந்த மாணவரும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஆட்களும் நாட்களும்

சம்பளம் இல்லாத படம் என்றாலும் சாப்பாடு இல்லாத படம் கிடையாது. 12 பேர் கொண்ட குழு மூன்று நாள் வேலை செய்தால், நாளுக்கு மூன்று வேளை வீதம் 108 சாப்பாடு. ஒன்றுக்கு 100 ரூபாய் என்று வைத்தாலும் 10,800 ரூபாய். தேநீரும் போக்குவரத்தும் இதற்கு மேல். பலருடைய திட்டச் சீட்டில் இந்த வரியே இருப்பதில்லை. கேமரா வாடகையில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, மதியம் மூன்று மணிக்குப் பொட்டலம் வரவழைக்கும் குழுவில் மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

பெண் நடிகர்களின் தேவைகளைச் சிறிய குழுக்கள் முன்கூட்டி யோசிப்பது குறைவு. உடை மாற்ற அறை, கழிப்பறை, இருட்டுவதற்குள் வீடு சேரும் ஏற்பாடு, உடன் வரும் தாய்க்கோ தங்கைக்கோ உட்கார இடம் ஆகியவை படப்பிடிப்பு இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டியவை. இவை இல்லாததால் நடிகர் பாதியில் விலகினால், தவறு குழுவினுடையதே.

குழந்தைகளை நடிக்க வைப்பதற்குச் சட்ட விதிகள் உண்டு. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி, குழந்தைக் கலைஞர் நாளுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யக் கூடாது. இடைவேளையின்றி மூன்று மணி நேரத்திற்கு மேல் தொடரக் கூடாது. மாவட்ட நடுவர் பொறுப்பிலுள்ள ஆட்சியரின் அனுமதியும் தேவை.

வேலைக்குப் போகும் நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் படம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நகரும். இதில் நடிகர் முடி வெட்டிக்கொள்வது முதல் மரம் இலை உதிர்ப்பது வரை எல்லாமே இடையூறு. 'பதேர் பாஞ்சாலி' (1955) முழுநீளப் படமானாலும், விளம்பர நிறுவன வேலையில் இருந்துகொண்டே ராய் அதை விடுமுறை நாட்களில் எடுக்கத் தொடங்கினார். நாணல் பூக்கள் நிறைந்த வெளியில் ஒருநாள் படம்பிடித்துவிட்டு மறுமுறை போனபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. காட்சியை முடிக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது. மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. இறுதியில் மேற்கு வங்க அரசின் பணத்தில் படம் முடிந்தது.

கிறிஸ்டோபர் நோலன் தம் முதல் முழுநீளப் படமான 'ஃபாலோயிங்' (1998) படத்தைச் சுமார் 6,000 டாலரில், சனிக்கிழமைகளில் மட்டும் படம்பிடித்து, ஏறத்தாழ ஓராண்டில் முடித்தார். சுருளை மிச்சப்படுத்த, நாடகம் போல முழுவதும் ஒத்திகை பார்த்துவிட்டு ஓரிரு முறைக்குள் ஷாட்டை முடித்தனர். மெமரி கார்டுக்கு விலை இல்லை என்பதால் இன்று ஒத்திகையைத் தவிர்த்து, ஷாட்டையே இருபது முறை எடுப்பது வழக்கமாகிவிட்டது. ஒத்திகைக்கு மூன்று பேர் ஒரு மொட்டைமாடியில் கூடினால் போதும். படப்பிடிப்பில் நேரம் வீணானால் பன்னிரண்டு பேர் காத்திருக்க வேண்டும். மிச்சம் எதில் என்பது கணக்குத் தெரிந்தவர்க்குப் புரியும்.

உரிமையும் எழுத்தும்

நண்பர்களுக்குள் எதற்கு ஒப்பந்தம் என்ற கூச்சத்தால் பல சிக்கல்கள் வருகின்றன. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்தின் ஆசிரியர் எனப்படுபவர் அதன் தயாரிப்பாளர். அதாவது, படத்தை எடுக்கும் முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவர். இயக்குநர் இந்த இடத்தில் வருவதில்லை. நான்கு நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எடுத்த படத்தில் அந்தப் பொறுப்பாளர் யார்? படம் யாராலும் பார்க்கப்படாதவரை இந்தக் கேள்வி எழாது. அது பரவி, ஒரு நிறுவனம் முழுநீளப் படமாக்கக் கேட்கும் நாளில் எழும். கதையை எழுதியவர் வேறு ஒருவராயின் அவருக்குக் கதையில் தனி உரிமை உண்டு.

உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். நண்பர் அன்பாக இசையமைத்துத் தந்தார், ஒரு தாளில் 'இசை தந்தேன்' என்று எழுதியும் கொடுத்தார் என்றால், அந்தத் தாள் ஆறாம் ஆண்டில் பயன்படாது. யூடியூபோ உலகம் முழுவதும் தெரிவது. எனவே 'முழுக் காலத்திற்கும், உலகம் முழுவதற்கும்' என்ற சொற்கள் அந்தத் தாளில் இருக்க வேண்டும். அதோடு பெயர்ப் பட்டியலில் யார் பெயர் எப்படி வரும், வருமானம் வந்தால் பங்கு என்ன, நடித்த பகுதியை நடிகர் தம் அறிமுகத்திற்குப் பயன்படுத்தலாமா என்பனவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

திரைப்பாடல்களைப் பின்னணியில் ஓடவிடுவது மிகப் பொதுவான பிழை. டீக்கடை வானொலியில் ஒலித்த பாடல் தற்செயலாகப் பதிவானாலும், யூடியூபின் தானியங்கிச் சோதனை அதைக் கண்டுபிடித்துவிடும். வருமானம் பாடல் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது படமே முடக்கப்படலாம். ஒரு பாடலில் வரிகள், இசை, ஒலிப்பதிவு என மூன்று உரிமைகள் உள்ளன. பாரதியார் 1921இல் மறைந்தவர் என்பதால் அவர் பாடல் வரிகளுக்கு இன்று பதிப்புரிமை இல்லை. ஆனால் ஒரு திரைப்படத்திலோ இசைத்தட்டிலோ வந்த பாரதியார் பாடலின் மெட்டுக்கும் பதிவுக்கும் உரிமை இருக்கக்கூடும். வரியை எடுத்து, புதிய மெட்டமைத்து, குழுவில் ஒருவரே பாடினால் தடை இல்லை.

இடம்

நண்பரின் வீடு, கல்லூரி வளாகம், வயல் ஆகியவை உரிமையாளரின் வாய்மொழிச் சம்மதத்தில் கிடைப்பவை. இரயில் நிலையம், மெட்ரோ, பேருந்து நிலையம் ஆகியவற்றுக்கு முன் அனுமதியும் கட்டணமும் உண்டு. அனுமதியின்றி ஒளிந்து எடுப்பதில் ஒரு வீரம் இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். கேமரா பறிமுதலானால் வாடகைக்கடையில் கொடுத்த முன்பணமும் அடையாள அட்டையும் சிக்கிக்கொள்ளும். பொம்மைத் துப்பாக்கியோடு தெருவில் கடத்தல் காட்சி எடுக்கும் குழு, குறைந்தது அந்தப் பகுதிக் காவல் நிலையத்திற்காவது எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். பார்ப்பவருக்கு அது படம் என்று தெரியாது.

கோப்பும் தொகுப்பும்

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே காணொளி எடுத்தால் நிமிடத்திற்கு 750 மெகாபைட், மணிக்கு 45 கிகாபைட் சேரும். இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் ஏற்றி, திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு அசதியில் கார்டை அழித்துவிட்டு, மறுநாள் ஒரு காட்சியையே தேடும் குழுக்கள் உண்டு.

தொகுப்பு மென்பொருளுக்கு இன்று செலவு தேவையில்லை. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதுமானது. தொகுப்பாளரின் இரவுகள்தான் கிடைப்பதில்லை. சம்பளமில்லாமல் உதவும் தொகுப்பாளர் தம் வேலைகளுக்கு நடுவே செய்வதால் இரண்டு மாதம் எட்டு மாதமாகும். அதற்குள் இயக்குநருக்குத் தாம் எடுத்த ஒவ்வொரு ஷாட்டின் மீதும் பாசம் வந்துவிடும். ஒன்பது நிமிடத்தில் நிற்க வேண்டிய படம் பதினாறு நிமிடமாக வெளிவருவதற்கு இதுவே முதற்காரணம்.

வெளியீடு

யூடியூபில் விளம்பர வருமானம் பெற, ஒரு அலைவரிசைக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது நீள்காணொளிக்கான விதி. பத்து நிமிடப் படம் ஒன்றை 24,000 பேர் முழுமையாகப் பார்த்தால்தான் அந்த மணிக்கணக்கு நிறையும். பெரும்பாலோர் பாதியில் போய்விடுவதால் உண்மையில் தேவைப்படும் எண்ணிக்கை இன்னும் அதிகம். போட்ட பணம் இவ்வழியில் திரும்பும் என்று கடன் வாங்கிப் படம் எடுப்பது, அதிலும் வீட்டு நகையை வைத்து எடுப்பது, கணக்கில் தேறாது.

திரைப்பட விழாக்கள் இன்னொரு வழி. ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழா 1954 முதல் நடக்கிறது. மும்பையில் ஆவணப்படம், குறும்படம், அசைவூட்டப் படங்களுக்கென்று ஒரு பன்னாட்டு விழாவும், கேரளத்தில் ஆவணப்பட, குறும்படங்களுக்கான பன்னாட்டு விழாவும் உள்ளன. முன்பே இணையத்தில் வெளியான படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. ஆகவே விழாக்களுக்கு அனுப்பி முடித்த பிறகு இணையத்தில் ஏற்றுவதே முறை. அவசரப்பட்டு ஏற்றிவிட்டு, பிறகு விதிகளைப் படித்து வருந்துவோர் பலர். நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு மாதந்தோறும் நூற்றுக்கணக்கான 'விருதுகளை' மின்னஞ்சலில் அனுப்பும் விழாக்களும் இருக்கின்றன. ஓர் அரங்கில் உண்மையில் படம் திரையிடப்படுகிறதா என்று விசாரித்த பிறகே அவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும். திரையரங்கில் பொதுமக்களுக்குக் காட்டுவதாயின், 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி குறும்படத்திற்கும் தணிக்கைச் சான்று தேவை.

வெளியூர் விழாக்களுக்கு ஆங்கிலத் துணையுரை அவசியம். இதைக் கடைசி இரவில் இயந்திர மொழிபெயர்ப்பில் செய்வோர், 'மதினி' என்று கூப்பிடும் குரலில் உள்ள உறவையும் கேலியையும் இழந்துவிடுகிறார்கள். வசனம் தெரிந்த இருவர் உட்கார்ந்து இரண்டு நாளில் செய்துவிடக்கூடிய வேலை அது. துணையுரையைப் படத்தின் மேல் பதித்துவிடாமல் தனிக் கோப்பாக வைத்திருந்தால், பின்னர் பிரெஞ்சுக்கோ மலையாளத்திற்கோ மாற்றும்போது படத்தை மறுபடி ஏற்றுமதி செய்ய வேண்டியிராது.